செஸ் போட்டியில் வெள்ளைக் காயோடு முதல் நகர்த்தலே சி4 (சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆடலாமா? கோச் இ4தான் (ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆட வேண்டும் என்கிறார்

பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், பெரியவர்கள் யாரும் கோச்சுக்கு இவ்வளவு பயப்பட மாட்டார்கள். தாராளமாக ஆடலாம். நான் மாஸ்டர் இல்லை, இ4 ஆடப் பயந்துதான் இதற்கு ஓடுகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும், சமூக மன்றப் போட்டிகளில் பல வருடமாக இதைத்தான் ஆடுகிறேன்.

ஒரு ரேப்பிட் (குறைந்த நேர) போட்டியில் எதிரே உயர்நிலைப் பள்ளிப் பையன். முந்தைய சுற்றில் பக்கத்து மேசையில் சிசிலியன் டிராகனை (இ4-க்கு எதிராகக் கறுப்பு ஆடும் ஒரு தொடக்க முறை) யோசிக்காமலே மளமளவென்று ஆடித் தள்ளியவன். நான் சி4 வைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் இ5, குதிரை சி3, குதிரை எஃப்6, ஜி3, டி5, அங்கே சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, அவன் குதிரை பி6-க்குப் பின்வாங்கியது. இது அதே டிராகன்தான், ஆனால் வெள்ளைக்கு, அதுவும் ஒரு நகர்த்தல் கூடுதலாக. ஜி2-வில் பிஷப் குறுக்கே பார்த்துக்கொண்டிருக்க, நான் ஏ3, பி4, பி5 என்று தள்ளிக்கொண்டே போனேன். அவனுடைய சி6 குதிரை ஓரத்துக்கு ஓடியது, இ5 சிப்பாயைக் காக்க ஆளில்லை, எடுத்துவிட்டேன். கடைசியில் யானைகளை வைத்து இழு இழு என்று இழுத்து ஜெயித்தது பெரிய கதை, வேண்டாம். இன்ஜினில் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) போட்டுப் பார்த்து 'பி5 சமயத்தில் சமநிலைதானே' என்று கமென்ட் எழுத வருகிறவர்களே, அவனுக்குக் கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று இன்ஜினிடம் கேளுங்கள்.

2024 டிசம்பரில் நம் சிங்கப்பூர் செந்தோசாவிலேயே உலகப் பட்டத்துக்கான போட்டி நடந்ததே, 11-வது ஆட்டத்தில் குகேஷ் குதிரை எஃப்3, சி4 என்று ரேட்டி தொடக்க முறையை ஆடித்தான் ஜெயித்தார். மறுநாளே அப்போதைய சாம்பியன் டிங் லிரென் முதல் நகர்த்தலில் சி4 வைத்துத் திருப்பிக் கொடுத்தார். குகேஷ் பட்டம் வாங்கியதும் 'நம்ம பையன்' என்று ஸ்டேட்டஸ் வைத்த என் சொந்தக்காரர்களைச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு பிஎஸ்எல்இ (தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு) வந்த வருஷம் போர்டை ஸ்டோர்ரூமில் போடு, இன்னொரு துணைப்பாட வகுப்பில் சேர் என்று வாராவாரம் போன் போட்டதும் இவர்கள்தான். இப்போது அவளிடமே 'ஏம்மா விட்டுட்டே?' என்று கேட்கிறார்கள்!

சரி, உங்கள் விஷயம். இ4-ம் கற்கட்டும், கோச் சொல்வது தப்பில்லை. அதற்காக சி4-ஐத் தடுக்க வேண்டாம். ஓரத்தில் தொடங்கினால் ஆட்டம் மந்தமாகிவிடும் என்று அவர் சொன்னால், 1924-இல் நியூயார்க்கில், அந்த முறைக்குப் பெயர் தந்த ரேட்டி இதே பாணியில் அன்றைய உலகச் சாம்பியன் கபாபிளாங்காவை வீழ்த்திய ஆட்டத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை எட்டு வருடமாகத் தோற்காதவர் கபாபிளாங்கா.