துப்பாக்கிப் பெட்டி எந்த ஊரில் கைக்கு வரும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. என் அண்ணன் மகன் ஹூஸ்டனில் வளர்ந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். சட்டப்படி வாங்கிய வேட்டை ரைஃபிள் ஒன்று அவனிடம் உண்டு. வரும் ஆண்டு நமீபியாவுக்கு வேட்டைக்குச் செல்கிறான். போகும் வழியில் சென்னையில் இறங்கி, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் பார்த்துவிட்டு மூன்று நாளில் புறப்படலாம் என்கிறான். துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியோடு எங்கள் பீரோவில் வைத்துவிட்டால் போதும், வெளியே எடுக்கவே மாட்டேன் என்றும் சொல்கிறான். இதில் ஏதேனும் சிக்கல் உண்டா?
– ஒரு வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: பெரிய சிக்கல் உண்டு. அந்தப் பெட்டி உங்கள் பீரோவுக்குள் வரவே கூடாது. இந்தியாவுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவரவும், அதை இங்கே வைத்திருக்கவும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்திய உரிமம் வேண்டும். டெக்ஸாஸில் சட்டப்படி வாங்கியதற்கான ரசீது இங்கே உரிமம் ஆகாது. உரிமமின்றி வைத்திருப்பதற்கு, 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பூட்டு அண்ணன் மகனுடையதாக இருந்தாலும் பீரோவும் வீடும் உங்களுடையவை என்பதால், கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும்.

அச்சட்டத்தின் 10-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருப்பதை யாரேனும் உங்களுக்கு எடுத்துக்காட்டக்கூடும். மத்திய அரசு குறிப்பிட்டு அறிவிக்கும் நாடுகளைச் சேர்ந்த உண்மையான சுற்றுலாப் பயணி, விளையாட்டுக்காக மட்டும், நியாயமான அளவில் ஆயுதமும் தோட்டாவும் உரிமமின்றிக் கொண்டுவரலாம் என்கிறது அது. அந்த வரி எழுதப்பட்ட நாளில் நம் காடுகளில் ஷிகார் என்ற விளையாட்டு வேட்டை நடந்துகொண்டிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களையே நீக்கிய 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், வேட்டை ரைஃபிளோடு இங்கே வந்து இறங்குபவர் எந்த விளையாட்டைக் காரணமாகச் சொல்வார்? பாட்டியைப் பார்க்க வருவது விளையாட்டு நோக்கம் ஆகாது. அந்த விலக்கை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். ராஜாஜி சாலையில் சுங்க இல்லத்தை ஒட்டி நெடுங்காலம் கிளியரிங் ஏஜென்டாக வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 80-ஆவது பிரிவின்படி, பயணி தம்மிடம் உள்ள வரிக்குரிய பொருளையோ இறக்குமதி தடை செய்யப்பட்ட பொருளையோ மறைக்காமல் அறிவித்து வேண்டிக்கொண்டால், அதைச் சுங்க அதிகாரி தம் பொறுப்பில் நிறுத்திவைத்து, அவர் நாட்டைவிட்டுப் போகும்போது திருப்பித் தரலாம். தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. தந்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. எதிர்பாராமல் மாட்டிக்கொண்டவருக்கு அது ஒரு கதவு. அதையே திட்டமாக வைத்துக்கொண்டு துப்பாக்கியோடு வருவது, நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் ஓர் இளைஞனை, அவனை முன்பின் அறியாத ஓர் அதிகாரியின் மனநிலையிடம் ஒப்படைப்பதற்குச் சமம். டில்லி அல்லது மும்பை வழியாக வந்தால், பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து, உள்நாட்டு விமானத்தில் மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பாட்டியைப் பார்க்கும் பயணத்தையும் வேட்டைப் பயணத்தையும் அவர் பிரித்துக்கொள்ளட்டும். வெறுங்கையோடு ஒருமுறை சென்னைக்கு வரட்டும். அதுவும் பாட்டியின் உடல்நிலையைக் கருதினால் வேட்டைக்கு முன்பே வரட்டும். ஒரே பயணமாகத்தான் முடியும் என்றால், நமீபியாவின் வேட்டைப் பண்ணைகள் பலவற்றில் ரைஃபிள் வாடகைக்குக் கிடைக்கிறது. தம் துப்பாக்கிதான் தோளுக்குப் பழக்கம் என்று அவர் சொல்வார். அது எனக்கும் புரிகிறது. ஆனாலும் மூன்று கண்டங்களைக் கடக்கும் பயணத்துக்கு வாடகைத் துப்பாக்கியே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சொந்தத் துப்பாக்கியோடுதான் போவேன் என்றால், அவர் ஒவ்வொரு ஊரைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பெட்டி இந்த ஊரில் என் கைக்கு வருமா, வராதா? ஒரே பயணச்சீட்டில், கடைசி ஊர் வரை டேக் ஒட்டப்பட்டு, விமானத்திலிருந்து விமானத்துக்கு விமான நிலைய ஊழியர்களே மாற்றினால், இடையில் உள்ள நாட்டுக்குள் அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் நுழைவதில்லை. இரண்டு தனித்தனிச் சீட்டுகள் எடுத்தாலோ, ஓர் இரவு தங்கினாலோ, விமான நிலையம் மாறினாலோ, பெட்டி பெல்ட்டில் வந்து விழும். அதை எடுத்த நிமிடத்தில் அவர் அந்நாட்டுக்குள் ஆயுதத்தை இறக்குமதி செய்தவர் ஆகிவிடுகிறார். ஜோகன்னஸ்பர்க்கில் அப்படி இறங்கினால், தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் எஸ்.ஏ.பி. 520 என்ற படிவத்தைக் கறுப்பு மையால் நிரப்பி, காவல் அதிகாரியின் முன்னிலையில்தான் கையொப்பமிட்டு, தற்காலிக இறக்குமதி அனுமதி பெறவேண்டும். முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கொண்டுபோய்த் திண்டாடுபவர்கள் உண்டு.

பெட்டி கைக்கு வராவிட்டாலும் அனுமதி கேட்கும் நாடுகளும் உள்ளன. ஆம்ஸ்டர்டாம் வழியாகச் சென்றால், வெறும் டிரான்சிட்டுக்கே, அதாவது விமானம் மாறிச் செல்வதற்கே, நெதர்லாந்துச் சுங்கத்துறையின் ஒப்புதலை முன்னதாக வாங்கவேண்டும். சிங்கப்பூரில் காவல்துறையின் உரிமம் வேண்டும். எனவே, ஹூஸ்டனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து நேரே விண்ட்ஹுக் என்று ஒரே சீட்டில், ஒரே ஓர் இடைநிறுத்தத்தோடு போவதே அவருக்கு நல்லது. விண்ட்ஹுக்கின் ஹோசியா குடாகோ விமான நிலையத்தில் காவல்துறையே தற்காலிக அனுமதி வழங்குகிறது.

புறப்படுவதற்கு முன் அமெரிக்கச் சுங்க அலுவலகத்துக்குத் துப்பாக்கியையே எடுத்துச் சென்று, வரிசை எண்ணைக் காட்டி, 4457 என்ற படிவத்தில் முத்திரை பெறவேண்டும். அந்தப் படிவம், அவர் திரும்பும்போது துப்பாக்கி தம்முடையதே என்று காட்டவும், போகும் நாட்டில் உடைமைச் சான்றாகவும் பயன்படும். துப்பாக்கி தோட்டா நீக்கிய நிலையில், கடினமான, பூட்டிய பெட்டியில், செக்-இன் பெட்டியாக மட்டுமே செல்லும். ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்னரே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தோட்டாவுக்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிப்படி ஒரு பயணிக்கு 5 கிலோ, அதுவும் உறையோடு சேர்த்த எடை. இருவர் பங்கை ஒரே பொட்டலமாகக் கட்டக்கூடாது. அமெரிக்க ஏற்றுமதி விதி 1000 தோட்டாக்கள் வரை விட்டுக்கொடுத்தாலும், ஒரு ரைஃபிள் தோட்டா சுமார் 25 கிராம் என்று கொண்டால், உறையின் எடை போக 200 கூடத் தேறாது.

திரும்பும் வழியைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. அமெரிக்காவுக்குள் முதலில் இறங்கும் ஊரில் எல்லாப் பெட்டிகளையும் பயணியே எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அந்த ஊர், துப்பாக்கிச் சட்டம் கடுமையாக உள்ள நியூயார்க்காகவோ நியூவார்க்காகவோ இருந்து, அடுத்த விமானம் தவறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றப் பதிவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2005-இல் யூட்டா மாநிலப் பயணி ஒருவர் பென்சில்வேனியாவுக்குச் செல்லும் வழியில் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். முறைப்படி அறிவித்துப் பூட்டிய துப்பாக்கி இருந்த பெட்டி அவர் கையில் கொடுக்கப்பட்டது. அதோடு ஓட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்துக்கு வந்து, விதிப்படி மறுபடி அறிவித்தார். அங்கேயே கைது செய்யப்பட்டு நான்கு நாள் சிறையில் இருந்தார். பின்னர் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கு 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. மாநிலங்களைக் கடந்து செல்பவருக்கு அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டுத் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு, துப்பாக்கி கைக்கெட்டும் இடத்தில் இல்லாதவரைதான் என்றும், ஓட்டல் அறையில் அது அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்காமல் சொன்னதால்தான் பிடிபட்டார். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வழியும் இருக்கிறது: இப்படி நடுவழியில் நிற்பவர் பெட்டியை வாங்கிக்கொள்வதற்கு முன்பே விமான நிலையக் காவலரையோ ஊழியரையோ அணுகலாம் என்பது அது. உங்கள் அண்ணன் மகனுக்கு இதை அப்படியே சொல்லுங்கள். விமானம் தவறினால் பெல்ட்டின் பக்கமே போகாமல், பெட்டியைத் தங்கள் பொறுப்பிலேயே இரவு வைத்திருக்குமாறு விமான நிறுவனத்திடமும் காவலரிடமும் கேட்கட்டும். ஹூஸ்டனுக்கே நேராக வந்து இறங்கும் விமானத்தை எடுத்துவிட்டால் இந்தக் கவலையே எழாது.

கேள்வி: என் மகள் பெரம்பூரில் பள்ளி முடித்துக் கல்லூரிக்குச் செல்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி பெறுகிறாள். ஜெர்மனியில் ஒரு போட்டிக்குத் தனியாகப் போக வேண்டியிருக்கிறது. ஹாங்காங் வழியாகச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது. ஏர் ரைஃபிள் துப்பாக்கியே இல்லை, இந்தியாவில் அதற்கு உரிமமே வேண்டாம் என்கிறார்கள் உடன் பயிலும் பிள்ளைகள். உண்மையா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அம்மா, இந்தியாவைப் பொறுத்தவரை பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் சரி. 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டமும், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு (ஆற்றலின் அளவு) மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு இங்கே ஆயுத உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த 20 ஜூல் நம் எல்லையோடு முடிகிறது. ஜெர்மனியில் 7.5 ஜூலுக்கு உட்பட்டு, அதற்குரிய முத்திரை பொறிக்கப்பட்டிருந்தால்தான் 18 வயது நிரம்பியவர் உரிமமின்றி வைத்திருக்கலாம். இங்கிலாந்தில் சுமார் 16 ஜூல் வரை சான்றிதழ் வேண்டாம். அதே தீவில் உள்ள ஸ்காட்லாந்தில் 2016-ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து சாதாரண ஏர் ரைஃபிளுக்கும் சான்றிதழ் வேண்டும். நீங்கள் சொன்ன ஹாங்காங்கில் 2 ஜூலைத் தாண்டினாலே அது ஆயுதம். போட்டிக்கான ஏர் ரைஃபிள் எதுவும் 2 ஜூலுக்குள் அடங்காது. மகளின் கையில் இருக்கும் அதே பொருள் ஓரிடத்தில் விளையாட்டுக் கருவி, ஓரிடத்தில் உரிமம் கேட்கும் துப்பாக்கி.

சீட்டு மலிவு என்பதற்காக ஹாங்காங்கையோ சிங்கப்பூரையோ தேர்ந்தெடுக்காதீர்கள். நேரே ஜெர்மனிக்குப் போகும் விமானமோ, ஒரே சீட்டில் ஒரே இடைநிறுத்தமோ பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் ஒரு பெண் பிள்ளை அந்நிய விமான நிலையத்தில் தனியாக விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைத் தவிர்க்கலாம். போட்டி நடத்துபவர்களின் அழைப்புக் கடிதம், சங்கத்தின் கடிதம், ரைஃபிளின் வரிசை எண் உள்ள ரசீது ஆகியவற்றில் ஒரு படியைக் கைப்பையிலும் இன்னொன்றைத் துப்பாக்கிப் பெட்டிக்கு உள்ளேயும் வைக்கச் சொல்லுங்கள். போட்டிக் குழுவினர் ஜெர்மனிக்குள் வேண்டிய அனுமதியை எடுத்துத் தருகிறார்களா என்பதை அழைப்பு வந்த அன்றே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரைஃபிளைவிட, குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் அதன் காற்று உருளைதான் கவுன்ட்டரில் அதிகம் தடுக்கப்படுகிறது. அதில் முந்தைய நாளே காற்றை முழுவதும் நீக்கி, துப்பாக்கியிலிருந்து கழற்றி, காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி வைக்கவேண்டும். உருளையின் மேல் பொறித்த செல்லுபடிக் காலத்தையும் பாருங்கள். பன்னாட்டுப் போட்டி விதிப்படி அந்தக் காலம் கடந்த உருளையைப் பயன்படுத்த முடியாது, அங்கே போய்ச் சேர்ந்தபின் தெரிந்தால் பயனில்லை.

கேள்வி: என் மாமனார் ராணுவத்தில் இருந்தவர், அண்மையில் காலமானார். அவருடைய பழைய தோள்பையை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போவதாக இருந்தேன். சுத்தம் செய்தபோது உள்ளுறையில் ஒரு தோட்டா கிடைத்தது. வீட்டில் எல்லோரும் அதைக் காசிமேட்டுக் கடலில் எறிந்துவிடச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், இராயபுரம்

பதில்: எறிய வேண்டாம், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் நடந்ததை எழுதிக்கொடுத்து ஒப்படைத்து, ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் மாமனாரின் பணி ஆவணத்தின் நகலோடும் ஒரு வழக்கறிஞரோடும் போங்கள். தாம் வைத்திருப்பதை அறிந்திருந்தால்தான் குற்றம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1972-இலேயே குண்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. பையில் தோட்டா இருப்பதே தெரியாமல் விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் பலருக்கு உயர் நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்ததும் அதை வைத்துத்தான். ஆனால் நீங்கள் இப்போது அறிந்துவிட்டீர்கள். இனி அது உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அறிந்தே வைத்திருப்பதாகும்.

சென்னையில் கண்ணில் படாத தோட்டா அடுத்த ஊரிலும் படாது என்றும் எண்ணாதீர்கள். பெரும்பாலான விமான நிலையங்களில் டிரான்சிட் பயணியின் கைப்பையை மறுபடி ஸ்கேன் செய்கிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் தோட்டாவை உரிமமின்றி வைத்திருப்பதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பையை வீட்டிலேயே நினைவாக வைத்துவிட்டு, வேறொரு பையை எடுத்துச் செல்லுங்கள்.