தேரியில் முருங்கை: வேர் வெளியே தெரிகிறது, எந்த மருந்து அடிக்க?

கேள்வி: சாத்தான்குளம் பக்கம் 3 ஏக்கர் தேரி (செம்மணல் மேட்டு) நிலம். சித்திரையில் ஜேசிபி விட்டு உடைமரம், பனை வடலி எல்லாவற்றையும் எடுத்து, மேட்டின் தலையைச் சமமாக்கிச் சொட்டுநீரில் முருங்கை நட்டேன். ஆனி பிறந்ததிலிருந்து காற்று தாங்கவில்லை. மேட்டில் நட்ட கன்றுகளுக்கு வேர் தெரிகிறது. கிழக்குச் சரிவின் அடியில் நட்டவை பாதி மூடிவிட்டன. இலை ஓரமெல்லாம் கருகுகிறது. நுண்ணூட்டக் குறை என்று கடையில் ஒரு டானிக்கும், மண் இறுக ஜெல்லும் தருகிறார்கள். எந்த அளவு போட வேண்டும்?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள் அண்ணாச்சி. கன்றின் தண்டைக் குனிந்து பாருங்கள். மேற்குப் பக்கம், முழங்காலுக்குக் கீழே, பட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலிருக்கும். கிழக்குப் பக்கம் வழவழவென்று இருக்கும். சத்துக் குறை திசை பார்த்து வராது. இது மணல் அடித்த காயம். தோட்டத்தை வந்து பார்க்காமல் டானிக் எழுதிக் கொடுப்பவர் வைத்தியம் பார்க்கவில்லை, சரக்கைத் தள்ளுகிறார். ஜெல் வேரடியில் ஈரம் பிடிக்கும், அவ்வளவுதான். மேல்மணலை அது கட்டாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, உடைமரத்தை எடுக்கலாமா என்பதைத்தான். தேரி என்பது காற்று கொண்டுவந்து குவித்த குவார்ட்ஸ் மணல். இரும்புத் துரு பூசியதால் சிவப்பு. களிமண் மிகக் குறைவு என்பதால் ஒட்டிப் பிடிக்க ஒன்றுமில்லை. அதன்மேல் உடைமரமும் கொளிஞ்சிச் செடியும் இலை உதிர்த்து, வேர் மக்கி, மெல்லக் கட்டிய கருத்த மேல்படலம்தான் உங்கள் மண். ஓர் அங்குலம் சேர நூற்றாண்டுகள் ஆகும். ஜேசிபி அதை ஒரே நாளில் புரட்டிவிட்டது.

மணல் பெரும்பாலும் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் போகும். விழும் ஒவ்வொரு மணியும் இன்னும் சிலவற்றைக் கிளப்பிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு. மக்கிய தூளும் நுண்துகளும் மட்டும் மேலே எழும்பிக் கடல் பக்கம் போய்விடும். கிழக்குச் சரிவில் நடப்பது வேறு. விளிம்பில் குவியும் மணல் 33 டிகிரி சாய்வைத் தாண்டினால் தன் எடையாலேயே சரியும். உங்கள் கன்றுகள் அதன் அடியில் நிற்கின்றன. அங்கே இனி முருங்கை வேண்டாம், கொளிஞ்சி விதையுங்கள்.

மேட்டில் இப்போதே பனையோலைப் படல் கட்டுங்கள், தெற்கு வடக்காக. தகரமோ சுவரோ கூடாது. காற்று அதன்மேல் ஏறிப் பின்னால் சுழன்றடிக்கும். பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள படல்தான் வேகத்தைக் குறைக்கும். உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் காக்கும் என்பது கணக்கு, ஆகவே 4 அடிப் படலுக்கு 40 அடிக்கு ஒரு வரிசை. வேருக்கு ஈரமணல் அணைத்து ஓலை மூடாக்கு போடுங்கள். நுனியைக் கிள்ளிவிடுங்கள், ஆட்டம் குறையும். களையை எடுக்காதீர்கள்.

புரட்டாசியில் மேற்கு எல்லையில் பனங்கொட்டை ஊன்றுங்கள். ஆனால் பனை மட்டும் போதாது. வளர்ந்த பனைக்கு அடிப்பக்கம் வெறுமை, காற்று அங்கே புகுந்து வேகமெடுக்கும். இடையில் உடைமரம் இருந்தே ஆக வேண்டும்.

குளத்துக் கரம்பை (வண்டல் மண்) நல்லது, வட்டாட்சியர் அனுமதி வாங்கி எடுக்கலாம். ஆனால் படல் நின்ற பிறகுதான். இல்லாவிட்டால் அடுத்த ஆனியில் முதலில் கிளம்புவது அந்தக் கரம்பைதான். செத்த கன்றுகளுக்குப் பதில் ஐப்பசி மழையில் நட்டால் போதும்.