பழைய கல் குவாரியைப் பூங்காவாக்க: கேள்வி பதில்

பினாங்கு ஆயர் ஈத்தாம் வாசகர்: எங்கள் தாமானுக்குப் (குடியிருப்புக்கு) பின்னால் கைவிட்ட கருங்கல் குவாரி ஒன்று கிடக்கிறது. அடுத்த மாதமே கோத்தோங் ரோயோங் (கூட்டுப்பணி) வைத்து மரக்கன்று நடலாமா அக்கா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. முதலில் நில அலுவலகத்தில் அந்த இடம் யாருடையது என்று கேட்டு, எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். அடுத்து, சரிவுகளைப் பார்க்கத் தெரிந்த பொறியாளரை அழைத்து வந்து பாறைச் சுவரைக் காட்டுங்கள். வெடி வைத்து உடைத்த பாறையில் விரிசல் இருக்கும். அதில் மழைநீர் இறங்கினால் கல் பெயர்ந்து விழும். தளர்ந்த கற்களைக் கயிற்றில் இறங்கிப் பழகியவர்கள்தான் தட்டி இறக்க வேண்டும், தொண்டர்கள் வேண்டாம். சுவரின் அடியில் கல்லைப் பிடிக்க ஒரு பள்ளம், அதற்கு வெளியே மண்மேடு, அதையும் தாண்டி வேலி. நடைபாதை வேலிக்கு இந்தப் பக்கம்தான்.

பிறகு தரையைச் சோதியுங்கள். 30 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் லாரிகள் தரையை இறுக்கிவிட்டன என்று பொருள். எக்ஸ்கவேட்டர் கொண்டு 60 செ.மீ. ஆழத்துக்காவது கிளறிவிட வேண்டும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சிதான் அதற்கு ஏற்றது. ஈரத்தில் கிளறினால் களி மண் பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும். மழை தொடங்கிய பிறகு நடுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: நல்ல மண் போட்டுத்தான் நட்டோம். ஆனாலும் கன்றுகள் மஞ்சளாகிச் சாகின்றன.

இறுகிய தரையில் குழியை மட்டும் வெட்டி நல்ல மண் நிரப்பினால் அது வாளிதான்: நீர் தேங்கும், வேர் உள்ளேயே சுற்றும். கிளறிய தரையில் 60 செ.மீ. நீள அகல ஆழக் குழி எடுத்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து நடுங்கள். பச்சை மரத்தூள் கலக்க வேண்டாம். அது மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

தரையை மூடும் மூடாக்குக்குச் செம்பனை வெற்றுக்குலை (பழம் எடுத்தபின் மிஞ்சும் குலை) நன்றாக இருக்கும். ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, அக்கம்பக்கத்துத் தென்னைகளைத் தாக்கும். தோட்டங்களில் ரப்பருக்கு அடியில் போடும் புவேரேரியா கொடியையும் விதைக்கலாம், தழைச்சத்து சேர்க்கும். ஆனால் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு அடிக்கடி அறுத்துவிடுங்கள். விட்டால் ஏறி நெரித்துவிடும்.

ஜெலுத்தோங் வாசகர்: அக்காசியா சீக்கிரம் வளருமே?

வளரும், அதனால்தான் வேண்டாம். விதை பரவி மற்றதை அமுக்கிவிடும். வெட்டவெளியில் தானாக முளைக்கும் மகாங், செண்டுடுக், அத்தி வகைகளை முதலில் நடுங்கள். நிழல் விழுந்த பிறகுதான் மெரந்தி போன்ற காட்டு மரங்கள். அவற்றின் வேருக்குத் துணைநிற்கும் பூஞ்சையும் தேவை, அதனால் காட்டு மண் கலந்த நாற்று கேளுங்கள். அவசரப்படாதீர்கள். தண்ணீர்மலை அருகே உள்ள தாவரவியல் தோட்டமே பழைய கல் குவாரி நிலத்தில் 1884-இல் தாவரவியலாளர் சார்ல்ஸ் கர்ட்டிஸ் தொடங்கியதுதான். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகமும் வெள்ளீயம் தோண்டிய வெற்று நிலத்தில் 1920-களிலிருந்து நட்டு வளர்த்த காடு.

அதே வாசகர்: பாறைச் சுவரை மறைக்க வேண்டாமா?

வேண்டாம். விரிசலில் அத்தி தானாக வேர்விடும், பறவை வரும். இந்த இடத்தின் அழகே அதுதான்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: குவாரிக் குளத்தால் டெங்கி வருமா?

மீன் உள்ள குளத்தைவிட, பாறைக் குழி, டயர், தகரத்தில் தேங்கும் நீர்தான் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடிக்கும். குழிகளைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். குளத்தின் உண்மையான ஆபத்து செங்குத்துக் கரை: விழுந்தவர் ஏற முடியாது. மூன்று மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவுக்குக் கரையைத் தாழ்த்தி, விளிம்பில் 2 மீட்டர் அகலத்துக்கு 30 செ.மீ. ஆழப் படி விட்டு நாணல் நடுங்கள். திலாப்பியா மீன் விடாதீர்கள்.

பத்துமலை வாசகர்: எங்களுடையது சுண்ணாம்புக்கல். இதே முறைதானா?

மண் தயாரிப்பு அதேதான், ஆனால் காரத்தன்மை அதிகம். இலை நரம்புகள் பச்சையாக, அவற்றுக்கு இடையில் மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல், அந்தக் குன்றிலேயே முளைக்கும் செடிகளிலிருந்து விதை எடுங்கள். பாறை இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டாம். வேறெங்கும் இல்லாத நத்தைகள் அங்கே வாழலாம்.