எழுத உட்கார்ந்ததும் மனம் ஒன்ற என்ன செய்யலாம்?

அரை மணி நேரம் உட்கார்ந்தும் எழுத்து ஓடவில்லை என்றால், பெரும்பாலும் குறை முந்தைய நாள் நிறுத்திய இடத்தில்தான். பத்தியை முடித்துவிட்டு எழாதீர்கள். அடுத்த வாக்கியம் மனதில் இருக்கும்போதே பாதியில் நிறுத்தி, இனி வர வேண்டியதை இரண்டு வரியில் குறித்து வையுங்கள். மறுநாள் அந்தக் கடைசிப் பத்தியைக் கையால் திரும்ப எழுதத் தொடங்கினால், அதே வேகத்தில் புது வரிக்குள் போய்விடலாம்.

முதல் 15 நிமிடம் எதையும் திருத்தக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். எழுதுவதும் எடைபோடுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டுமே நின்றுவிடும். பிழையைக் கோடிட்டுவிட்டு நகருங்கள்.

கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். இசை வேண்டுமென்றால் பாடல் வரிகள் இல்லாதது, தினமும் அதே ஒன்று. மேசை துடைப்பது, பேனா தேடுவது என்று ஆயத்தம் 5 நிமிடத்தைத் தாண்டினால், அதுவே தள்ளிப்போடும் சாக்காகிவிடும்.