பழைய கம்ப்யூட்டர் கேம்களை இப்போது திரும்ப விளையாடினால் உண்மையிலேயே ரசிக்க முடிகிறதா, இல்லை அது வெறும் பழைய நினைப்பு மட்டும்தானா? புதுப்பித்து விற்கும் ரீமாஸ்டர் பதிப்பை வாங்கலாமா, ஒரிஜினலையே தேடலாமா?

ரசிக்க முடிகிறது. ஆனால் எல்லா கேமையும் இல்லை. எது இன்றும் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று பார்க்க நான் ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். பழைய கேம்களில் கஷ்டம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, யோசித்து முடிவெடுக்க வைக்கும் கஷ்டம். இன்னொன்று, அன்றைய வசதிக்குறைவால் கையை மட்டும் நோகடிக்கும் கஷ்டம். முதலாவதுக்கு வயதே ஆவதில்லை. இரண்டாவதை யாராவது நீக்கிக் கொடுத்தால் கேம் புதுசாகிவிடும். இரண்டையும் சேர்த்து நீக்கிவிட்டால் அங்கே விளையாடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கிராஃபிக்ஸ் பழசாக இருக்கிறதே என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் குறை. அதைக் கண் சீக்கிரம் மறந்துவிடும். கைதான் மறக்காது.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எடுத்துக்கொள்வோம். ஜோர்டன் மெக்னர் 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகச் செய்தது. தொண்ணூறுகளில் நம்மூர் கம்ப்யூட்டர் லேப்களில் டேவ் கேமோடு சேர்த்து ஃப்ளாப்பியில் சுற்றியது, அடுத்த வருடம் டாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முந்தைய பி.சி. இயங்குதளத்துக்கு, வந்த பதிப்பு. தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துதான் மெக்னர் அந்த இளவரசனின் அசைவுகளை உருவாக்கினார். அதனால்தான் இன்று பார்த்தாலும் அவன் ஓடும்போது உடம்புக்குக் கனம் இருப்பது தெரிகிறது.

இன்றைய கேம் பழகியவர்கள் இதை எடுத்ததும் சொல்வது, "பட்டனை அமுக்கினால் உடனே கேட்கவில்லையே" என்பதுதான். ஓட ஆரம்பித்தால் நிற்க இரண்டு மூன்று அடி வேண்டும். குதிக்கச் சொல்லிவிட்டால் பாதியில் திரும்ப அழைக்க முடியாது. பள்ளத்தின் விளிம்புக்குப் போக வேண்டுமானால் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நகர வேண்டும். இதை நான் கையை நோகடிக்கும் கஷ்டத்தில் சேர்க்கவே மாட்டேன். கேமே இதுதான். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் எத்தனை அடி ஓட இடம் இருக்கிறது என்று கண்ணால் அளந்துவிட்டுத்தான் கீயைத் தொட வேண்டும். கூடவே மொத்தக் கதைக்கும் 60 நிமிடம்தான் கெடு. மெதுவாகப் போனால் உயிர் தப்பலாம், நேரம் போய்விடும். வேகமாகப் போனால் முள்ளில் விழலாம். இந்த இழுபறி இன்றும் அப்படியே வேலை செய்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த நிழல் மனிதன். நாலாவது லெவலில் வழியை மறித்து ஒரு கண்ணாடி வரும். அதை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் நம் உருவம் தனியாகப் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடும். அடுத்த லெவலில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அது குடித்துவிட்டுப் போகும். அதற்கடுத்ததில் நம் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தும். கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் நமக்கே அடி விழும். வாளை உறைக்குள் போட்டுவிட்டு அதை நோக்கி நடக்க வேண்டும், அவ்வளவுதான், இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். இவ்வளவு அழகான யோசனை பிறந்ததற்குக் காரணம் மெமரி தீர்ந்துபோனதுதான். புது எதிரி ஒருவனை வரைந்து சேர்க்க ஆப்பிள் 2-வில் இடமே இல்லை. அதனால் இளவரசனின் அதே படங்களைப் பிட் கணக்கில் கொஞ்சம் மாற்றிக் காட்டினார் மெக்னர். ஒரு பேச்சு இல்லை, ஒரு எழுத்து இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது, பக்கத்தில் நின்ற அண்ணன்கள் "வாளை உள்ளே போடுடா" என்று சொல்லிக்கொடுத்ததால் அதைக் கடந்துவிட்டேன். அது என்ன சொல்கிறது என்பது வளர்ந்தபிறகு திரும்ப விளையாடியபோதுதான் எனக்குள் இறங்கியது. பழைய கேமைத் திரும்ப எடுப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்த கேமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி ரசிகர்கள் மறுபடி எழுதியிருக்கிறார்கள். எஸ்.டி.எல். பாப் என்று பெயர். அதில் எந்த இடத்திலும் சேவ் செய்துகொள்ளும் வசதி உண்டு. முதல்முறை விளையாடுகிறவர்கள் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் சேவ் போட்டுக்கொண்டால் 60 நிமிடக் கெடுவுக்கு அர்த்தமே இருக்காது.

இதற்கு நேர் எதிரான உதாரணம், ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். 1997-ல் வந்த முதல் கேமில் ஆட்களை வரிசை போட்டு உருவாக்க முடியாது. ஒரு கிராமத்தான் வெளியே வந்தபிறகுதான் அடுத்தவனுக்குக் கிளிக் செய்ய முடியும். இதில் எந்த யோசனையும் இல்லை. திரும்பத் திரும்ப அதே கட்டடத்துக்கு ஓடிவந்து அதே பட்டனை அமுக்குவது மட்டும்தான். அதை அப்படியே இப்போது விளையாடுவது எனக்கு முடியவில்லை, ஆசை எவ்வளவு இருந்தாலும்.

1999-ல் வந்த இரண்டாம் பாகத்தில் வரிசை போடும் வசதி வந்துவிட்டது. ஆனால் வயல் பிரச்சினை இருந்தது. 60 மரம் கொடுத்துப் போட்ட வயல் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். சண்டை மும்முரமாக நடக்கும்போது ஊருக்குள் பத்துப் பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவரையும் பிடித்துத் திரும்ப வயல் போட வைக்க வேண்டும். அடுத்த வருடம் வந்த கான்குவரர்ஸ் என்ற கூடுதல் தொகுப்பில், மில்லில் முன்பணம் கட்டிவைத்தால் வயல் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று மாற்றினார்கள். 2019-ல் புதுப்பித்து வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் அதுகூட வேண்டாம், ஒரு முறை சொல்லிவைத்தால் போதும். இந்த மாற்றத்தால் பழைய சுவை கெட்டுவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வயலைத் திரும்பப் போடலாமா வேண்டாமா என்று யாரும் யோசித்ததே இல்லை. போட்டே ஆகவேண்டும். முடிவெடுக்க ஒன்றுமில்லாத வேலையை கேமே பார்த்துக்கொள்வது நல்லதுதான்.

அதே எடிஷனில் வேவு பார்க்கும் குதிரைவீரனைத் தானாகச் சுற்றவிடும் பட்டன் ஒன்றும் இருக்கிறது. அதை நான் தொடுவதே இல்லை. குதிரையை முதலில் எந்தப் பக்கம் அனுப்புவது, நம் ஆடுகளைத் தேடுவதா, எதிரி எங்கே சுவர் கட்டுகிறான் என்று எட்டிப்பார்ப்பதா என்பதெல்லாம் முதல் ஐந்து நிமிட ஆட்டத்தின் உயிர். காட்டுப்பன்றியை அம்பால் சீண்டி, அது துரத்த, ஊர்மன்றத்து வாசல்வரை ஓடிவந்து மற்றவர்களோடு சேர்ந்து அடிப்பது இருக்கிறதே, அதை இத்தனை வருடத்தில் யாரும் சுலபமாக்கவில்லை. ஒரு நொடி கவனம் தப்பினால் ஆள் போய்விடுவான். அதைத் தொடாமல் விட்டதற்காகவே அந்த எடிஷனைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த கேமில் நமக்கென்று ஒரு தனி சந்தோஷமும் உண்டு. 2013-ல் "இந்தியர்கள்" என்று ஒரே நாகரிகமாகச் சேர்த்திருந்ததை, 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் பிரித்துத் திராவிடர்கள், வங்காளிகள், கூர்ஜரர்கள், இந்துஸ்தானிகள் என்று வைத்தார்கள். திராவிடர்களுக்குச் சுருள்வாள் வீசும் வீரனும் திரிசடை என்ற கப்பலும் உண்டு. ராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு கேம்பைன். அதைவிட, கிராமத்தானைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான். ஆங்கிலேயரையும் மங்கோலியரையும் வைத்தே விளையாடி வளர்ந்த எங்களுக்கு அதை முதல்முறை கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. இருபது வருடம் கழித்தும் ஒரு கேம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்றால் அது இப்படித்தான் வளர வேண்டும்.

அப்புறம், எதிரி முகாமுக்குள் பதுங்கிப் போய்ச் சுடும் ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. பிரவுசிங் சென்டரில் வளர்ந்தவர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். நார்வேயின் இன்னர்லூப் நிறுவனம் உருவாக்கி, 2000-ல் வந்தது. மிஷன் நடுவில் சேவ் கிடையாது. கடைசி வாசலில் ஒரு குண்டு பட்டுச் செத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்று எல்லோரும் திட்டியது இதைத்தான். திரும்ப விளையாடிப் பார்த்தபிறகு நான் ஆதரித்துப் பேசுவதும் இதைத்தான். சேவ் இல்லாததால்தான் மலைமேல் படுத்துக்கொண்டு பைனாகுலரில் காவல் கோபுரங்களைப் பார்க்கிறோம், மேப்பைத் திறந்து யார் எந்தப் பக்கம் நடக்கிறான் என்று கவனிக்கிறோம். இசை அதிகம் இல்லாத அந்த வெட்டவெளியில் வரும் பதற்றம், எங்கே வேண்டுமானாலும் சேவ் போடும் கேமில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அலாரம் அடித்துவிட்டால் சில இடங்களில் வீரர்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருப்பது இன்றும் எரிச்சல்தான். எத்தனை பேரைச் சுட்டாலும் கணக்குக் குறையாது என்றால், அதுவரை நாம் போட்ட திட்டத்துக்கு மதிப்பு இல்லாமல் போகிறது.

இனி ரீமாஸ்டர் பற்றி. பழையதையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஸ்டார்கிராஃப்டை 2017-ல் புதுப்பித்தபோது ஒரிஜினலை இலவசமாகக் கொடுத்தார்கள். புதியதிலும் எஃப் 5 அமுக்கினால் பழைய கிராஃபிக்ஸ் வந்துவிடும். 2021-ல் வந்த டயாப்லோ 2 ரெசரக்டெடிலும் ஒரே பட்டனில் பழைய தோற்றத்துக்குப் போய் வரலாம். எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று இப்படித் திறந்து காட்டுவது ஒரு மரியாதை. மறுபக்கம், 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் வந்தபோது, பழைய கேமை வாங்கி வைத்திருந்தவர்களின் பதிப்பும் சேர்த்து மாற்றப்பட்டது. சொன்ன புதுக் காட்சிகளும் வரவில்லை. கடைசியில் கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2021-ல் வைஸ் சிட்டி உள்ளிட்ட மூன்று ஜி.டி.ஏ. கேம்களின் புதுப் பதிப்பு வந்தபோதும் இதே கதை. பழையவற்றை விற்பனையிலிருந்து எடுத்தார்கள், புதியதில் மழை பெய்தால் தெருவே தெரியவில்லை, பிறகு மன்னிப்புக் கேட்டுப் பழையவற்றைத் திரும்பக் கொடுத்தார்கள். தன் பழைய வேலையை மறைத்துவிட்டுப் புதியதை விற்பவர்களிடம் நான் வாங்குவதில்லை.

இந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதத்தை இன்று கடையில் வாங்க முடியாது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. மிச்சம் இருப்பதையும் விற்பவர்களே மறைத்துவிட்டால், நாளைக்கு ஒரு பிள்ளை வந்து "நீங்கள் சொன்ன அந்த கேம் எங்கே" என்று கேட்டால் எதைக் காட்டுவது?

காப்பாற்றத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அரக்கர்களைச் சுடும் டூம் 1993-ல் வந்தது. நான்கே வருடத்தில் அதன் சோர்ஸ் கோடை, அதாவது கேமை எழுதிய நிரலை, பொதுவில் வெளியிட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்று எந்த கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. அம்புக்குறிக் கீகளை வைத்துத் தடுமாறிய கைக்கு இப்போது மவுஸ் வசதியாக இருக்கிறது. ஆனால் அரக்கர்கள் நிற்கும் இடமும் வேகமும் அன்று இருந்தபடியே. நான் திரும்ப விளையாடியவற்றில் வயதே ஆகாத கேம் எது என்று கேட்டால் தயங்காமல் டூம் என்பேன். மெக்னருடைய கோடும் தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டி டிஸ்க்குகளைக் கண்டெடுத்தார். தெரிந்தவர்கள் உதவியோடு அவற்றைப் படித்து எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார் மெக்னர்.

சரி, ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் கவனியுங்கள். டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவைக்க டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும். ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடையில் வாங்கினால் பெரும்பாலும் அதையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். கேம் தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலோடு எஃப் 11 அமுக்கி வேகத்தைக் குறையுங்கள், எஃப் 12 கூட்டும். அடுத்தது திரை. அந்த 320-க்கு 200 படங்கள் 4:3 மானிட்டரில் நிரம்புவதற்காக வரையப்பட்டவை. இன்றைய திரையில் அப்படியே போட்டால் ஆட்கள் எல்லாரும் குள்ளமாகிவிடுவார்கள். செட்டிங்கில் ஆஸ்பெக்ட் கரெக்‌ஷனைப் போட்டுவிடுங்கள்.

எந்த வரிசையில் என்றால், முதலில் டூமின் முதல் எபிசோட், அது அன்றும் இன்றும் இலவசம். பிறகு பிரின்ஸ். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-வுக்கு யோசிக்காமல் டெஃபினிட்டிவ் எடிஷனையே வாங்கலாம். ஐ.ஜி.ஐ.-யை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மிஷனைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.