மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் போடக் கற்றுக்கொள்ள எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

சென்னையில் சித்திரை மாதத்தில் இருபது பைகளையும் பத்து வகை விதைகளையும் வாங்கித் தோட்டம் தொடங்கியதாகவும், மூன்று வாரத்துக்குள் நாற்றுகள் கருகிவிட்டதால் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் சேர்வது நல்லதுதான். ஆனால் செடிகள் கருகியதற்கு உங்கள் அறியாமையைவிட நீங்கள் தொடங்கிய மாதமே பெரிய காரணம். தாம்பரம் பக்கத்தில் ஏழு ஆண்டுகளாக மாடித்தோட்டம் வைத்திருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: ஆடியில் தொடங்குங்கள், அந்தந்தப் பருவம் கேட்கும் வேலையை அந்தந்தப் பருவத்தில் கற்றுக்கொள்ளுங்கள்.

ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது வெயிலின் கடுமை குறைந்து, சில நாள் மாலைகளில் மழையும் பெய்யும். முதல் முறை வெண்டை, கொத்தவரை, சிறுகீரை ஆகிய மூன்று மட்டும் போதும். வெண்டையையும் கொத்தவரையையும் பையிலேயே நேரடியாக ஊன்றலாம். சிறுகீரை ஏறக்குறைய 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும், வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கைக்கு ஏதாவது விரைவில் கிடைத்தால்தான் புதிதாகத் தொடங்குபவருக்கு மனம் தளராது.

இந்தப் பருவத்தில் நீங்கள் உண்மையில் பழக வேண்டியது தண்ணீர் ஊற்றுவதைத்தான். செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, அன்பு மிகுந்து ஊற்றிய தண்ணீரால் சாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தென்னை நார்க்கழிவு கலந்த மண்ணின் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் நான்கு விரற்கடை ஆழத்தில் ஈரம் அப்படியே இருக்கும். மேலே பார்த்துத் தினமும் இரு வேளை ஊற்றினால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும் என்பதால், அதைப் பார்த்து இன்னும் ஊற்றத் தோன்றும். விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம்.

ஆடியிலேயே பந்தல் அவரையும் பீர்க்கனும் போடலாம், இரண்டுக்கும் பொறுமை வேண்டும். அவரைக் கொடி மாதக்கணக்கில் இலையாகவே படர்ந்துகொண்டிருக்கும்; பகல் பொழுது குறுகிய பின்தான் பூக்கும் என்பது தெரியாமல் முதல் ஆண்டில் நான் ஐப்பசியிலேயே அதைப் பிடுங்கி எறிந்தேன், அந்த வருத்தம் இன்றும் உண்டு. பீர்க்கன் பூ மாலையில் விரியும். மாடியில் வண்டுகள் குறைவாக இருந்தால், விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, அடியில் சின்னஞ்சிறு பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பூசணிக்கு இதையே விடியற்காலையில் செய்ய வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைதான் கடினமான காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் பைகள் தளத்தின்மீது நேரடியாக இருந்தன. அடியிலிருந்த துளைகள் தரையோடு ஒட்டி அடைபட்டு, பன்னிரண்டு கத்தரிச் செடிகளும் வேரழுகிப் போயின. இப்போது ஒவ்வொரு பையும் இரண்டு செங்கற்களின்மேல் இருக்கிறது. புரட்டாசியிலேயே துளைகளைக் குத்திப் பார்த்து, மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் நார் அடைக்காதபடி வலை கட்டிவிடுகிறேன். தொடர்மழை மண்ணிலுள்ள சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும் என்பதால், மழை ஓய்ந்ததும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இடுவது அவசியம்.

கார்த்திகையில் தக்காளியை நாற்று வளர்க்கும் குழித்தட்டில் விதைத்து, ஏறக்குறைய 25 நாள் நாற்றாக மார்கழியில் நட்டால் மாசியில் பழம் பறிக்கலாம். பனிக் காலத்தில் அவரையின் கொழுந்தில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி மொய்க்கும். தினமும் காலையில் இலையின் அடிப்புறத்தைப் பார்க்கும் பழக்கம் இருந்தால், தண்ணீரைப் பீய்ச்சியும் விரலால் நசுக்கியுமே பெரும்பாலும் அடக்கிவிடலாம். தை மாதத்தில் விதைத்த வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதற்கு மருந்து இல்லை, அந்தச் செடியை உடனே அகற்றிவிட வேண்டும்.

சித்திரையில் புதிதாக எதையும் விதைக்காதீர்கள். இருக்கும் செடிகளுக்கு நிழல்வலை கட்டி, காய்ந்த சருகால் மண்ணை மூடி, காய்ப்பு முடிந்த பைகளின் மண்ணைக் கொட்டி வெயிலில் உலர்த்துங்கள். கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கன் உங்களிடம் அப்போது ஒன்றாவது இருக்க வேண்டும். குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்கும். அந்த விதைகளைச் சாம்பலில் புரட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, எடுத்த மாதத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, அடுத்த ஆடிக்கு எடுத்து வையுங்கள்.