நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப்: எத்தனை யூனிட், எத்தனை நாள்?

ஹீட் பம்ப் என்பது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக் குளத்துத் தண்ணீரில் சேர்க்கும் இயந்திரம். அதைப் பற்றி மலை ஊர்களிலும் சமவெளியிலும் குளம் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, வெப்பத்துக்கும் அதே அளவுதான். கணக்குகளில் மின்சாரம் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. குளத்துக்கு ஓடும் யூனிட்டுகள் வீட்டுச் செலவுக்கு மேலே ஏறி உட்காரும். அதனால் சராசரி விலையைப் போடாதீர்கள். உங்கள் பில்லின் கடைசி ஸ்லாப் விலை எதுவோ அதைப் போடுங்கள்.

ஏற்காட்டில் எங்களுக்கு ஒரு வார இறுதி வீடு இருக்கிறது ஐயா. குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். டிசம்பரில் தண்ணீர் 21 டிகிரி இருக்கிறது, 28 வேண்டும். 14 கிலோவாட் ஹீட் பம்ப் வாங்கியிருக்கிறோம். எவ்வளவு செலவாகும், எப்போது போட வேண்டும்?

உங்கள் குளத்தில் 40,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் குளத்துக்கும் கணக்குப் போடலாம். உங்கள் குளத்துக்கு ஒரு டிகிரிக்கு 46, ஏழு டிகிரிக்கு ஏறக்குறைய 325.

இயந்திரத்தில் 14 என்று எழுதியிருந்தாலும் ஏற்காட்டு டிசம்பர் காற்றில் 11 தந்தால் நல்லது. 325-ஐ 11-ஆல் வகுத்தால் 30 மணி நேரம். இடையில் வரும் இரவுகளில் குளம் ஆறும். மூடுவிரிப்பு போட்டிருந்தால், பகல் வெயில் திருப்பித் தருவது போக, நாளுக்கு அரை டிகிரி இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று இரவுக்கு அது 70, அதையும் சேர்த்தால் 395, அதாவது 36 மணி நேரம். காலை 9 மணியிலிருந்து மாலை 6 வரை ஓட்டினால் நான்கு நாள் ஆகும். சனிக்கிழமை காலை குளிக்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை காலையே போட்டுவிட வேண்டும். வெள்ளி மாலை வந்து இறங்கியதும் போட்டால் ஞாயிறு மாலை வரை குளிர்ந்த தண்ணீர்தான்.

கரண்ட் எவ்வளவு? இந்தக் காற்றில் ஒரு யூனிட் கரண்டுக்கு நாலரை யூனிட் வெப்பம் கிடைக்கும். மொத்த வெப்பம் 395 என்றால் இயந்திரத்துக்கு 88 யூனிட். பலரும் மறப்பது சுழற்சி மோட்டாரை. ஹீட் பம்ப் ஓடும் நேரமெல்லாம் அதுவும் ஓட வேண்டும். ஒரு ஹெச்.பி. மோட்டாருக்கு 36 மணி நேரத்தில் 27 யூனிட். ஆக ஏறக்குறைய 115 யூனிட், 1,150 ரூபாய். இதே வேலையைச் சாதாரண மின் ஹீட்டரில் செய்தால் வெப்பத்துக்கு மட்டும் 395 யூனிட், கிட்டத்தட்ட 4,000 ரூபாய்.

அடுத்தடுத்த வாரமும் வருவோம் என்றால் வாரம் முழுவதும் 28-லேயே வைத்திருப்பது சிக்கனமா, அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுவதா?

அணைப்பதுதான் சிக்கனம். தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய இழப்பும் குறையும். ஆறிய குளம் சூடான குளத்தைவிடக் குறைவாகவே இழக்கிறது. 'மறுபடி ஏற்றத்தான் அதிகம் செலவாகும்' என்று சொல்வது தவறு. ஞாயிறு மாலை அணைத்து மூடுங்கள். வியாழன் காலை தண்ணீர் 24-ல் இருந்தால் நான்கு டிகிரிக்கு 17 மணி நேரம், வியாழனும் வெள்ளியும் போதும். தினமும் குளிப்பவர்களுக்குத்தான் தொடர்ந்து வைத்திருப்பது பொருந்தும்.

இயந்திரம் பகலெல்லாம் ஓடுகிறது, நாளுக்கு அரை டிகிரிகூட ஏறவில்லை. கேஸ் குறைந்துவிட்டதா? 40,000 லிட்டர் குளம், மூடுவிரிப்பு இல்லை.

கேஸைப் பார்க்கும் முன் குளத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 32 சதுர மீட்டர் பரப்பில், காற்றடிக்கும் வறண்ட இடத்தில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் மட்டம் இறங்கினால் 128 லிட்டர் போகிறது, அதோடு 87 யூனிட் வெப்பமும் போகிறது. அது கிட்டத்தட்ட இரண்டு டிகிரி. உங்கள் இயந்திரம் 11 கிலோவாட் தருகிறது என்று வைத்தால் பத்து மணி நேரத்தில் 110 யூனிட், இரண்டரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு. ஏற்றியதெல்லாம் இரவில் போய்விடுகிறது. இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

காற்றுக்குமிழ் உள்ள, 400 அல்லது 500 மைக்ரான் தடிமனுள்ள மூடுவிரிப்பை வாங்குங்கள். குமிழ் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். ஓரம் முழுவதும் சுவரைத் தொட வேண்டும், இடைவெளி விட்டால் பயன் குறைந்துபோகும். குளோரினை அதிகமாகப் போட்ட உடனே மூடாதீர்கள், பிளாஸ்டிக் பொடிந்துவிடும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் மூடுவிரிப்பு, பிறகுதான் ஹீட் பம்ப். இதை யார் கேட்டாலும் அழுத்திச் சொல்வேன். மூடாத குளத்துக்கு இயந்திரம் விற்பவர் உங்கள் மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று பொருள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒன்று கவனியுங்கள்: இந்த விரிப்பு யாரையும் தாங்காது. விரிப்பைப் பாதி விலக்கி வைத்துக் குளிக்கவே கூடாது. முழுவதும் எடுத்த பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும்.

ஊட்டியில் ஓடுமா?

ஓடும், ஆனால் அளவைக் கூட்டி வாங்க வேண்டும். விற்பவர்கள் பெரிய எழுத்தில் போடும் கிலோவாட், காற்று 26 அல்லது 27 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருக்கும்போது எடுத்தது. அட்டவணையில் அதற்குக் கீழே காற்று 15 டிகிரி என்று இன்னொரு வரி இருக்கும். அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, மின்விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் இழுக்கும் காற்றின் எடை குறையும். ஜனவரி அதிகாலை உறைபனியில், காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் சுருளில் பனி படியும். அப்போது இயந்திரம் சூடேற்றுவதை நிறுத்திவிட்டுப் பனியை உருக்கும். வாயு ஓட்டத்தைத் திருப்பிப் பனி உருக்கும் வசதி கொண்ட மாடலாக இருக்க வேண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை மட்டும் ஓட்டினால் போதும் என்கிற அளவுக்குப் பெரியதாக எடுப்பதே நல்லது.

திரும்பி வரும் தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகவே இல்லை அண்ணா.

இருக்காது. 12 கிலோவாட் வெப்பம் மணிக்கு 6,000 லிட்டர் ஓட்டத்தில் கலந்தால் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் வித்தியாசம் 1.7 டிகிரிதான். கையால் தெரியாது, தெர்மாமீட்டர் வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு டிகிரி இருந்தால் சரியாக ஓடுகிறது. நான்கு, ஐந்து வந்தால் சந்தோஷப்படாதீர்கள், தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு. உப்புக்காற்று படாமல் இருக்க மோட்டார் அறைக்குள்ளே வைக்கலாமா?

வேண்டாம். இயந்திரம் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக் குளிர்ந்த காற்றை முன்னால் தள்ளுகிறது. மூடிய அறையில் அதே குளிர்காற்றையே மறுபடி இழுக்கும், கால் மணி நேரத்தில் அறை குளிர்ந்து திறன் சரியும். பின்பக்கம் அரை மீட்டர், முன்பக்கம் இரண்டரை மீட்டர் திறந்த வெளி வேண்டும். உப்புக்காற்றுக்கு, பூச்சுள்ள அலுமினியத் தகடு கொண்ட மாடலாகப் பார்த்து வாங்கி மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். உயர் அழுத்தத்தில் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

இயந்திரத்துக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. கசிவா?

பெரும்பாலும் காற்றின் ஈரம் சுருளில் படிந்து சொட்டுவதுதான். குளோரின் சோதனைப் பெட்டியில் அந்தத் தண்ணீரைப் பாருங்கள். குளத்தில் குளோரின் காட்டி இதில் காட்டாவிட்டால் கவலையில்லை.

அடிக்கடி 'ஓட்டம் இல்லை' என்று பிழை காட்டி நிற்கிறது. ஓட்ட சுவிட்சை மாற்றச் சொல்கிறார்கள்.

சுவிட்சைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் மேற்பரப்பு வடிகூடையும் மோட்டார் வடிகூடையும். அடுத்து மணல் வடிகட்டியின் அழுத்தமானி: கழுவிய அன்று இருந்ததைவிட அரை பார் கூடியிருந்தால் பின்னோட்டமாகக் கழுவ வேண்டும். பிறகு தண்ணீரை இயந்திரத்துக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வை யாராவது முழுவதும் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இவை சரியாக இருந்தால் வெப்பமாற்றியில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். கடினமான போர் தண்ணீரை நிரப்பி பி.எச். 7.8-க்கு மேல் போகவிட்டால் சூடாகும் இடத்தில்தான் முதலில் படியும். பி.எச். 7.2 முதல் 7.6 வரை வையுங்கள். குழாய் வரிசையையும் பாருங்கள்: மோட்டார், வடிகட்டி, ஹீட் பம்ப், கடைசியில் குளோரின் பெட்டி. பெட்டி முன்னால் இருந்தால் செறிந்த குளோரின் இயந்திரத்துக்குள் போகும். டைட்டானியம் சுருள் தாங்கினாலும் ரப்பர் வளையங்களும் சுவிட்சும் தாங்காது.

கோயம்புத்தூரில் நீச்சல் பயிற்சிக் குளம், 25 மீட்டர், 4 லட்சம் லிட்டர். காலை 6 மணி வகுப்புக்கு 28 வேண்டும், சின்னக் குழந்தைகளுக்கு 31.

காலை 6 மணிச் சூட்டை முந்தைய நாள் பகலிலேயே சேர்த்து வைக்க வேண்டும். காற்று சூடாக இருக்கும் 11 முதல் 5 வரை ஓட்டி, மாலையில் 29-ல் நிறுத்தி, கடைசி வகுப்பு முடிந்ததும் மூடினால் காலையில் 28 இருக்கும். அதிகாலை 3 மணிக்குப் போட்டால் அதே வெப்பத்துக்குக் கூடுதல் கரண்ட். உயர் மின்னழுத்த இணைப்பு என்றால் காலை மாலை உச்ச நேரக் கூடுதல் கட்டணத்திலிருந்தும் தப்பிக்கலாம். உங்கள் குளத்தை ஒரு டிகிரி ஏற்ற 465 யூனிட் வெப்பம், பகலில் ஏறக்குறைய 93 யூனிட் கரண்ட். 100 கிலோவாட் வேண்டுமென்றால் 50 கிலோவாட்டில் இரண்டாக வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் வகுப்பு நடக்கும்.

31-க்காகப் பெரிய குளத்தைத் தொடவே தொடாதீர்கள். 6-க்கு 4 மீட்டரில் 70 சென்டிமீட்டர் ஆழக் குளம் தனியாகக் கட்டினால் ஒரு டிகிரிக்கு 20 யூனிட் வெப்பம்தான். நீந்திப் பழகும் பிள்ளைகளுக்கும் 31-ல் சீக்கிரம் களைப்பு வரும்.

கொடைக்கானலில் விடுதி. ஒரு பக்கம் தண்ணீர் வழிந்து விழும் குளம். இரண்டு இயந்திரம் வைத்தும் 25-ஐத் தாண்டவில்லை.

வழிந்து விழும் சுவரில் தண்ணீர் மெல்லிய படலமாகக் காற்றில் விரிகிறது, ஆவியாவதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. மூன்றாவது இயந்திரம் வாங்க வேண்டாம். வழிவு மோட்டாருக்குத் தனி டைமர் போட்டு, விருந்தினர் குளிக்கும் நேரம் மட்டும் ஓட்டுங்கள். இரவில் மட்டத்தைச் சுவருக்குக் கீழே இரண்டு அங்குலம் இறக்கி, குளத்தை மூடி, கீழ்த் தொட்டிக்கும் மூடி போடுங்கள். ஒரு வாரம் காலை 7 மணிக்கும் மாலை 6 மணிக்கும் வெப்பநிலையைக் குறித்து அனுப்புங்கள். இரவு இறக்கம் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டால் இருக்கும் இரண்டே போதும்.